ஊர் பயன்படுத்தும் பழைய வீட்டைச் சீர்செய்ய நிதி திரட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு இருக்கிறது. முகப்பில் படிப்பகம், வளவில் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டில் தையல் பயிற்சி, அவ்வப்போது கண் சிகிச்சை முகாம். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பூட்டிக் கிடப்பதற்கு ஊர் பயன்படுத்தட்டும் என்று சாவியைக் கொடுத்தார்கள். அந்த வீட்டைச் சீர்செய்யப் பணம் திரட்டும் குழுவில் கணக்கு எழுதுவது என் வேலை. டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் போனிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். இதே வேலையில் இறங்கும் வேறு ஊர்க்காரர்களுக்கும் உதவும்.

இடிச்சிட்டுப் புதுசா ஒரு ஹால் கட்டிட்டா வேலை முடிஞ்சுதே?

புதிய ஹால் கட்டலாம். ஆனால் இந்த வீட்டைத் திரும்பக் கட்ட முடியாது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு இன்றைக்கு அந்த நீளத்தில், அந்தத் தரத்தில் கிடைப்பதில்லை. சித்திரை வெயிலில் வளவுக்குள் வந்து நின்று பாருங்கள். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் நடு முற்றமும் சேர்ந்து மின்விசிறி இல்லாமலே உட்கார முடிகிற இடமாக வைத்திருக்கின்றன. கான்கிரீட் ஹாலில் அந்த நேரத்தில் பிள்ளைகளை உட்கார வைக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. செட்டிநாட்டில் இப்படிப்பட்ட வீடுகள் வருடா வருடம் பிரித்து விற்கப்படுகின்றன. ஒரு வீடு தப்ப வேண்டுமென்றால் அதில் தினமும் ஆள் புழங்க வேண்டும். எங்கள் வீட்டில் தினமும் விளக்கு எரிகிறது. அதனால்தான் இதற்குப் பணம் கேட்கக் கூசவில்லை.

மொத்தம் எவ்வளவு வேணும்? ஒரு தொகை சொல்லுங்க.

நாங்கள் செய்த முதல் தவறே இதில்தான். முழு வீட்டுக்கும் ஒரே தொகையைச் சொன்னோம். கேட்டவர்கள் மலைத்துப்போய், "பெரிய ஆளுங்களைப் பாருங்க" என்று ஒதுங்கிவிட்டார்கள். பிறகு பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள கட்டடக் கலைஞர் ஒருவரை அழைத்து, அறை அறையாகப் பார்த்து, வேலையைக் கட்டங்களாகப் பிரித்தோம். முதலில் கூரையும் மழைநீர் போகும் வழியும். அடுத்து கரையான் பிடித்த உத்திரங்கள். அதற்கப்புறம் சுவர்ப்பூச்சு, மின்கம்பி, கழிப்பறை. தரையும் வண்ணமும் கடைசியில்.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. மேலே ஒழுகும்போது கீழே செய்கிற வேலை எல்லாம் வீண். மக்களும் "புனரமைப்பு" என்று கேட்டால் கொடுப்பதில்லை, "படிப்பக மேசைக்கு மேலே ஒழுகுகிறது, அந்தத் தாழ்வாரப் பத்தியின் ஓடுகளை மாற்ற இவ்வளவு" என்றால் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் எஸ்டிமேட்டுக்கு மேலும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கேளுங்கள். ஓட்டைப் பிரித்த பிறகுதான் உத்திரத்தின் உண்மையான நிலை தெரியும்.

வீடு தனியார் சொத்துதானே? அதுக்கு நாங்க ஏன் காசு தரணும்?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் வாயால் சொல்வதில் இல்லை, பத்திரத்தில் இருக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் சாதாரணம். ஒருவர் சம்மதம் போதாது. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து, பங்குள்ள ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதிகாரப் பத்திரம் அனுப்பலாம்.

வீட்டை அறக்கட்டளைக்குத் தானமாக எழுதிக்கொடுத்தால் மிகவும் நல்லது. மனம் வராதவர்கள் நீண்டகாலக் குத்தகைக்குத் தரலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வைத்த ஒப்பந்தம் செல்லாது. நாங்கள் குத்தகைதான் எடுத்தோம். அதற்கு இந்தக் கையெழுத்துகளை வாங்கவே ஒன்றரை வருடம் ஆனது. அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்கூட வசூலிக்கவில்லை. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

அறக்கட்டளையா, சங்கமா? எதைப் பதிவு பண்றது?

இரண்டும் நடக்கும். சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். நிர்வாகம் எளிது, ஆனால் அறங்காவலர்கள் கையில் அதிகாரம் குவியும். நாங்கள் அறக்கட்டளை வைத்தோம். அதன் பத்திரத்திலேயே, அறங்காவலர்களில் ஒருவர் வீட்டுக்காரர் தரப்பு, ஒருவர் படிப்பகம் பயன்படுத்துவோர் தரப்பு என்று எழுதிவிட்டோம்.

எதுவானாலும் நோக்கம் என்ற பகுதியில் பழமையான கட்டடப் பாதுகாப்பு, கல்வி, நூலகம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். வரிச்சலுகையும் நிறுவன நிதியும் அந்த வரிகளைப் பார்த்துத்தான் கிடைக்கும்.

யார்கிட்ட முதல்ல கேக்கறது? பணக்காரங்ககிட்டதானே?

வீட்டைப் பயன்படுத்துகிறவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். தையல் வகுப்பில் படித்த பெண்கள் ஆளுக்கு ஐம்பது, நூறு என்று கொடுத்தார்கள். எங்கள் ரசீது புத்தகத்தின் முதல் தாளே ஐம்பது ரூபாய்தான். பேரனை மாலை வகுப்புக்குக் கூட்டி வரும் ஆத்தா, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து பத்து ரூபாய்த் தாள்களைக் கொடுத்தார். ரசீதில் பேர் சரியாக இருக்கிறதா என்று பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போனார். பிறகு சென்னையில் ஒரு தொழிலதிபரைப் பார்க்கப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஊர்க்காரர்கள் எவ்வளவு போட்டிருக்கிறார்கள்?" என்பதுதான். புத்தகத்தைக் காட்டினோம்.

அடுத்து, ஊர் திரும்புகிற நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பொங்கல், கோயில் திருவிழா, முன்னோர்களுக்குச் செய்யும் குடும்பப் படைப்பு, கல்யாணம். கோயில் காரியத்துக்குப் புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) இவ்வளவு என்று வசூலிப்பது நகரத்தார் ஊர்களில் பழகிய முறை, அதனால் கணக்குச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆனால் இதை வரியாக்காதீர்கள். விருப்பமாக இருக்கட்டும்.

ஜிபேல போட்டா போதுமா? ரசீது எதுக்கு?

போதாது. க்யூஆர் அட்டை அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்குத்தான் இருக்க வேண்டும். பொருளாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவருடைய சொந்த எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். அவருக்கும் அதுதான் பாதுகாப்பு. எண்ணிட்ட ரசீது, அதில் எந்தக் கட்ட வேலைக்கு என்ற குறிப்பு, மாதாமாதம் படிப்பக வாசலில் வரவு செலவுத் தாள். இவ்வளவும் இருந்தால் பாதிச் சந்தேகம் எழவே எழாது.

ரொக்கத்தில் கவனம் வேண்டும். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. உண்டியல் வைக்கலாம். ஆனால் பெயர் தெரியாத நன்கொடை ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி வரும். பெயர் எழுதி வாங்கப் பழகிக்கொள்வதே நல்லது.

80ஜி இருக்கா சார்? இருந்தாத்தான் தருவேன்.

இந்தப் பெயர் பழைய வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண். 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் எண்கள் மாறியிருக்கின்றன. எல்லோரும் பழைய பெயரையே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். 12ஏ பதிவு அறக்கட்டளையின் வருமானத்துக்கு விலக்குத் தரும். 80ஜி கொடுப்பவருக்குச் சலுகை தரும். இரண்டும் தனித்தனி விண்ணப்பம். புது அறக்கட்டளைக்கு முதலில் 3 ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும்.

கொடுப்பவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எங்களைப் போன்ற அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தால் வருமானத்தில் கழித்துக்கொள்ள முடிவது கொடுத்த தொகையில் 50 சதவீதம்தான், அதற்கும் வருமானத்தை ஒட்டிய உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவும் கிடையாது. புதிய வரிமுறையில் (நியூ ரெஜிம்) இருப்பவருக்கு இந்தச் சலுகையே இல்லை. நிதியாண்டு முடிந்ததும் மே 31க்குள் நன்கொடைப் பட்டியலை வருமான வரித்துறைக்கு ஏற்றி, அங்கிருந்து வரும் சான்றிதழைத்தான் கொடுப்பவருக்கு அனுப்ப வேண்டும். நம் ரசீது மட்டும் போதாது. இதற்கு பான் எண் வேண்டும், பணம் வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர்ல எங்க சித்தப்பா பெரிய தொகை தர்றேன்கிறார். வாங்கிக்கலாமா?

அவர் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. இந்தியப் பாஸ்போர்ட்டுடன் அங்கே வேலை பார்ப்பவர் என்றால் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். பாஸ்போர்ட் நகல் ஒன்று வாங்கி வையுங்கள். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றவர் என்றால், நம் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு மூலம்தான். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருப்பதால் இது மாறாது. இந்திய வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகக் கொடுத்தாலும் மாறாது.

அந்தப் பணத்தை வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். அதற்குப் பொதுவாக 3 ஆண்டு செயல்பாடும், அந்த 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்த கணக்கும் கேட்பார்கள். அது இல்லாத புதிய அமைப்பு, குறிப்பிட்ட தொகைக்கு முன் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் திறக்கும் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். "என் பேர்ல அனுப்பச் சொல்றேன், நான் எடுத்துத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அகப்பட்டால் அறக்கட்டளையே முடங்கும்.

அதுவரை சித்தப்பாவிடம் வேறொன்று கேளுங்கள். பழைய புகைப்படங்கள், வீடு கட்டிய காலத்துக் கணக்கேடுகள். எங்களுக்கு ஒரு கல்யாணப் போட்டோவில்தான் முகப்புத் தூண்களின் பழைய அமைப்பே தெரிந்தது.

செட்டிநாடு யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கே, அங்கேருந்து பணம் வராதா?

வராது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் இடம்பெற்றது உத்தேசப் பட்டியலில். பின்னாளில் முன்மொழியலாம் என்று இந்திய அரசு கொடுத்த பட்டியல் அது. அதனால் தனி வீட்டுக்கு நிதி எதுவும் கிடையாது. விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதப் பயன்படும்.

எம்எல்ஏ நிதியிலேர்ந்து வாங்கிட்டா சுலபமாச்சே?

தொகுதி மேம்பாட்டு நிதி பொதுச் சொத்துக்கு. பங்காளிகள் பெயரில் இருக்கும் வீட்டுக்கு அதைக் கேட்டு அலையாதீர்கள். உங்கள் ஊரில் அந்தப் பழைய கட்டடம் ஊராட்சி அல்லது நகராட்சியுடையது என்றால் கதை வேறு. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். அப்போதும் எஸ்டிமேட்டில் சிமெண்ட் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காரணம் கீழே.

கம்பெனிங்க சிஎஸ்ஆர் நிதி தருவாங்களாமே?

தருவார்கள். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள கம்பெனிகள், முந்தைய 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் வரலாற்று முக்கியத்துவமுள்ள கட்டடங்களைச் சீரமைப்பதும் பொது நூலகம் அமைப்பதும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

ஆனால் 12ஏ, 80ஜி பதிவும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 பதிவும், 3 ஆண்டு அனுபவமும் வேண்டும். ஆகவே இது முதல் வருடப் பணம் அல்ல. முதல் கட்டத்தை ஊர்ப் பணத்தில் முடித்து, புகைப்படமும் தணிக்கைக் கணக்கும் கையில் வைத்துக்கொண்டு கம்பெனிப் படியேறுங்கள்.

சிமெண்ட் போட்டா பாதிச் செலவுல முடியுமே?

இந்தக் கேள்வியை நன்கொடையாளர்களைவிடக் கொத்தனார்களே அதிகம் கேட்கிறார்கள். முன்பொரு முறை நாங்களும் கேட்டு ஏமாந்தோம். வளவின் வடக்குச் சுவரில் அடிப்பக்கம் உதிர்ந்திருந்ததைச் சிமெண்ட் பூசி மூடினோம். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. பூசிய இடத்துக்கு ஒரு முழம் மேலே சுவர் வெள்ளையாகப் பூத்தது. விரலால் தொட்டால் உப்பு. சிமெண்டைத் தட்டியபோது அது பாளமாகக் கழன்று விழுந்தது, பின்னால் செங்கல் மாவாகக் கிடந்தது.

காரணம் எளிது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை ஏற்கும், வெயிலில் வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் உள்ளேயே தங்கி மேலே ஏறுகிறது, உப்பு செங்கல்லை அரிக்கிறது. இப்போது அதே சுவரைச் சுண்ணாம்பில் செய்கிறோம். சுண்ணாம்பை நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீர் விட்டுப் புளிக்க வைக்கிறார் மேஸ்திரி. கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்க வேண்டும், அதுவரை தொடவே விடமாட்டார். நாள் பிடிக்கும், கூலி கூடும். நன்கொடையாளர்களை அந்த நேரத்தில் ஒருமுறை அழைத்து வந்து காட்டுங்கள். எங்கள் வளவில் இதைப் பார்த்த பிறகு "ஏன் இவ்வளவு செலவு" என்று ஒருவரும் கேட்கவில்லை.

ரெண்டு பர்மா தேக்குத் தூணை வித்தாலே கூரை செலவு வந்துடுமே?

வந்துவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தூணை விற்றுக் கூரை போட்டால் நாளைக்குக் கதவை விற்றுச் சுவர் பூச வேண்டும். பல வீடுகள் அப்படித்தான் காணாமல் போயின. நாங்கள் அறக்கட்டளைப் பத்திரத்திலேயே வீட்டின் எந்தப் பகுதியையும் விற்கக் கூடாது என்று எழுதிவிட்டோம், மேலே சொன்ன குத்தகையிலும் எழுதியிருக்கிறோம்.

ஆடி மாசம் மொய் விருந்து வைக்கலாமா? குலுக்கல் சீட்டு போடலாமா?

புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் மொய் விருந்தில் ஒரே நாளில் லட்சக்கணக்கில் சேர்வதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். மொய் நன்கொடை அல்ல. நோட்டில் எழுதி, அவரவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அறக்கட்டளை யார் வீட்டுக்கு என்று திருப்பிச் செய்யும்? விருந்து போடுங்கள், சாப்பிட்டவர்கள் நன்கொடை கொடுக்கட்டும், ரசீதில் "நன்கொடை" என்றே எழுதுங்கள். எங்கள் ஊரில் வளவுப் பத்தியில் இலை போட்டு, வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் வைத்தோம். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டவர்கள் கையிலிருந்து பணம் தானாக வந்தது.

குலுக்கல் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. நல்ல காரியத்துக்கு என்பதால் விலக்கு இல்லை.

உபயம்னு என் பேரைத் தூண்ல எழுதுவீங்களா?

தூணில் முடியாது. பழைய மரத்திலும், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய முட்டைப் பூச்சுச் சுவரிலும் ஆணியோ பெயிண்டோ படக் கூடாது. படிப்பக வாசலில் ஒரே பலகை, அதில் ஐம்பது ரூபாய்க்காரரும் ஐந்து லட்சக்காரரும் அகர வரிசையில். பெரிய தொகை கொடுத்தவர்களில் இரண்டு பேர் இதற்காகவே விலகினார்கள். வருத்தம்தான், ஆனால் மாற்றவில்லை.

இதிலேயே இன்னொரு சந்தேகம்: பெயர்ப் பலகை வைத்தால் ஜிஎஸ்டி உண்டா? நன்றிக்காகப் பெயர் மட்டும் போட்டால் இல்லை என்று 2019இல் சுற்றறிக்கையே வந்திருக்கிறது. கடை விளம்பரம் போலத் தொழிலை எழுதினால் வரி வரும்.

சினிமா ஷூட்டிங்குக்கு விடலாமா? நல்ல வாடகை தர்றாங்களே.

விடலாம், ஆனால் அது நன்கொடை அல்ல, வருமானம். கணக்கைத் தனியாக வைத்து, வரி எப்படி என்று ஆடிட்டரிடம் முன்பே கேளுங்கள். வகுப்பு நடக்கிற நாளில் விடாதீர்கள். ஆணி, சுவரில் வண்ணம், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மேல் இரும்பு டிராலி மூன்றுக்கும் தடை என்று எழுதி, முன்பணம் வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள்.

முழுப் பணமும் சேர்ந்தப்புறம் வேலையைத் தொடங்கலாமே?

கூடாது. வரிவிலக்குள்ள அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். சேர்த்து வைக்க வேண்டுமென்றால் காரணம் சொல்லி முறையாகத் தெரிவித்து, 5 ஆண்டுக்குள் செலவழிக்க வேண்டும். மூலதன நிதியாக என்று கொடுப்பவரே எழுத்தில் தந்தால் அது வேறு கணக்கு.

அதைவிடப் பெரிய காரணம் மழை. இங்கே ஐப்பசி, கார்த்திகைதான் அடைமழை. தை பிறந்ததும் ஓட்டைப் பிரித்து, புரட்டாசிக்குள் மூடிவிட வேண்டும். கையில் ஒரு பத்திக்குத்தான் பணம் இருக்கிறதா, ஒரு பத்தியை மட்டும் பிரியுங்கள்.

கூரைக்குன்னு வாங்கின பணம் மிஞ்சினா தரைக்குப் போடலாமா?

ரசீதில் வேலையின் பெயர் எழுதச் சொன்னேன் அல்லவா, அதனால் எழும் சிக்கல் இது. கொடுத்தவரிடம் கேட்காமல் மாற்றக் கூடாது. அதனால் ரசீதின் அடியில், "இந்த வேலை முடிந்து மிஞ்சினால் அடுத்த கட்டத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம்" என்று ஒரு வரி அச்சிட்டு, கையெழுத்தும் வாங்குகிறோம்.

எல்லாம் செஞ்சு முடிச்சப்புறம் வீட்டுக்காரங்க திரும்பக் கேட்டா என்ன பண்ணுவீங்க?

எல்லோர் மனதிலும் இருந்தும் கடைசியில்தான் கேட்கிறார்கள். பத்திரம் பற்றிய பதிலில் சொன்ன குத்தகையில் இதற்கு மூன்று பிரிவுகள் வைத்தோம். காலம் முடியும்வரை எந்தப் பங்காளியும், வாரிசும் இடையில் திரும்பக் கேட்க முடியாது. வீடு விலைக்கு வந்தால் முதலில் அறக்கட்டளையிடம் கேட்க வேண்டும். காலத்துக்கு முன் எடுத்தே தீர வேண்டுமென்றால், ஊர்ப் பணத்தில் செய்த வேலையின் மதிப்பைத் தணிக்கைக் கணக்குப்படி அறக்கட்டளைக்குத் தர வேண்டும், அது இதே ஊரில் நூலகத்துக்கு மட்டுமே செலவாக வேண்டும்.

மூன்றாவது பிரிவைப் படித்துவிட்டு வீட்டுக்காரர்களில் மூத்த ஆச்சி, "எங்க ஐயா கட்டின வீட்டுக்கு ஊரே கூரை போடுது, இதுல நாங்க கேக்க என்ன இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் அந்தப் பிரிவை எடுத்துவிடவில்லை. ஆச்சிக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் பத்திரம். அதன் நகல் படிப்பகத்தில் இருக்கிறது, நன்கொடை தருமுன் யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம்.